கள்ளு குடித்தால் பால் ஊறுமா?



பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் சும்மா போவதில்லை. ஆளுக்கொரு வைத்தியமும் கூடவே கொண்டு போவார்கள். லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களிலும் இப்படித்தான், ரெங்கத்திலும் இப்படித்தான், குளுவாங்கிலும் கூலாயிலும் இப்படித்தான். பூண்டு சாப்பிடு, மிளகு ரசம் குடி என்பார்கள். நல்லது. முருங்கைக்கீரை போடு என்பார்கள். அதுவும் நல்லது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பால் பத்தலையா? சாயங்காலம் ஒரு கிளாஸ் கள்ளு குடி, தானா ஊறும்" என்பார்கள். கள் கிடைக்காத இடத்தில் கறுப்பு பியர். உடம்பு சூடு பிடிக்கணும் என்றால் காயத்தோடு ரெண்டு கரண்டி பிராந்தி.

சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அவர்களுக்கு அவர்களுடைய பாட்டி சொன்னது. நம் வீட்டில் மட்டும் இந்தப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். சீனர் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு அரிசி மது ஊற்றிக் கோழி சமைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் பால் கொடுக்கும் தாய்க்குப் பியர் நல்லது என்று நெடுங்காலம் நம்பினார்கள். உலகம் முழுவதும் இருக்கிற நம்பிக்கைதான் இது.

ஆனால் நம்பிக்கை வேறு, நடப்பு வேறு. இந்த நம்பிக்கையை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கிடைத்த பதில் நேர் எதிராக இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் பாடமாகப் படிக்கப் போகிறோம். வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். முக்கியமாக வீட்டிலுள்ள ஆண்களும் பெரியவர்களும் கேட்கட்டும்.

முதலில் ஒரு பழைய கதை

நம் தோட்டங்களுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு நாமாகத் தேடிக்கொண்டது மட்டும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் கைக்கு வந்த அன்றே ஒரு பங்கு அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. நம் முன்னோர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலை நிறுத்தத்தில், சம்பள உயர்வோடு சேர்த்துக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. போர் முடிந்த பிறகு 1946, 1947ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள்.

அந்தப் போராட்டத்தில் பெண்களுடைய கண்ணீரும் இருந்தது. குடிக்கிற புருஷனால் அடுப்பெரியாத வீட்டைப் பற்றித்தான் அன்று பேசினார்கள். பால் கொடுக்கிற தாய்க்கு மருந்து என்று சொல்லி ஊற்றிக் கொடுக்கிற கிளாஸைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்த மிச்சத்தை இன்றைக்குப் பேசுவோம்.

மது பாலுக்குள் எப்படிப் போகிறது?

கள், பியர், பிராந்தி, சம்சு என்று பெயர்கள் பல. உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான். அது எத்தனால் என்னும் மதுச்சத்து. குடித்தவுடன் அது குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்திலிருந்து தாய்ப்பாலுக்குப் போவதற்கு அதற்குத் தடையே கிடையாது. தாயின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு பாலிலும் இருக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலில் அது உச்சத்துக்கு ஏறும். சாப்பாட்டோடு குடித்தால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி ஆகும். பிறகு இரத்தத்தில் குறையக் குறையப் பாலிலும் குறையும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பால் வழியாகப் பிள்ளைக்குப் போகிற அளவு, தாய் குடித்த அளவோடு பார்த்தால் சிறியது. ஒரு கிளாஸ் குடித்த தாயின் பால் விஷமாகிவிடும் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் குடிப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று கிலோ, நாலு கிலோ எடையுள்ள உடம்பு. மதுவை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. பிறந்து மூன்று மாதம் ஆகாத பிள்ளையின் ஈரல் அந்த வேலையைப் பெரியவர்களுடைய வேகத்தில் பாதி வேகத்தில்தான் செய்யும். நமக்கு ஒரு மணி நேரத்தில் இறங்குவது அதற்கு இரண்டு மணி நேரம் நிற்கும். நாள்தோறும் நடந்தால், அந்தச் சின்ன அளவும் சின்ன அளவாக இருக்காது.

பால் கூடுகிறதா, குறைகிறதா?

பாட்டி சொன்னதை நேரடியாகச் சோதித்தவர் ஜூலி மெனெல்லா என்ற பெண் விஞ்ஞானி. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தில் இந்த ஆய்வுகள் நடந்தன. 1991ல் வெளிவந்த ஆய்வில், பால் கொடுக்கும் 12 தாய்மார்களுக்கு ஒரு நாள் ஆரஞ்சுச் சாற்றில் கொஞ்சம் மது கலந்து கொடுத்தார்கள், இன்னொரு நாள் வெறும் சாறு கொடுத்தார்கள். இரண்டு நாளும் பிள்ளைகள் எவ்வளவு பால் குடித்தன என்று எடை போட்டுப் பார்த்தார்கள். மது கொடுத்த நாளில் பிள்ளைகள் தொடக்கத்தில் வேகமாகச் சப்பின. ஆனாலும் உள்ளே போன பால் குறைவாக இருந்தது. 1993ல் பியரை வைத்தே சோதித்தார்கள். மது உள்ள பியர் ஒரு நாள், மது இல்லாத பியர் ஒரு நாள். அப்போதும் அதே முடிவு. பிள்ளைகள் வழக்கம் போலத்தான் முலைக்கு வந்தன. எத்தனை தடவை என்பது குறையவில்லை, உள்ளே போன பால்தான் குறைந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. தாய்மார்களிடம் கேட்டால், "பிள்ளை நல்லாத்தான் குடிச்சது, இன்னும் மாரில் பால் இருக்கிற மாதிரி இருக்குது" என்றார்கள். பிள்ளை குறைவாகக் குடித்தது அவர்களுக்கே தெரியவில்லை!

இது எப்படி? பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரத்தில் பால் இருப்பது ஒன்று. அது மங்குக்கு இறங்குவது இன்னொன்று. பட்டையில் எவ்வளவு பால் இருந்தாலும், இறங்கும் வழி சரியில்லை என்றால் மங்கு நிறையாது. தாயின் உடம்பிலும் இரண்டு வேலைக்கு இரண்டு சுரப்பு நீர்கள் இருக்கின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்பது பாலை இறக்கி விடுகிறது. 2005ல் மெனெல்லாவும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், மது குடித்த தாய்மார்களுக்குப் புரோலாக்டின் ஏறியது, ஆக்சிடோசின் இறங்கியது. அதனால் பால் இறங்கத் தாமதமானது, கிடைத்த பாலும் குறைந்தது.

இப்போது பாட்டியின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று விளங்குகிறதா? குடித்த பிறகு மார் கனக்கிறது, நிறைந்தது போல இருக்கிறது. "பார், ஊறிருச்சு" என்கிறோம். மார் நிறைந்திருப்பது பால் கூடியதால் அல்ல. இறங்க வேண்டிய பால் இறங்காமல் நின்றதால். பாட்டி கண்டது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு.

பியர் செய்கிற பார்லியில் உள்ள ஒரு சத்து புரோலாக்டினைத் தூண்டக்கூடும் என்பார்கள். அப்படியே இருந்தாலும் அது தானியத்தின் குணம். பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடியுங்கள், மது எதற்கு?

குடிச்சா பிள்ளை நல்லாத் தூங்குமா?

இதுவும் தோட்டத்தில் கேட்கிற பேச்சுதான். இதையும் சோதித்திருக்கிறார்கள். 1998ல் வெளிவந்த ஆய்வில், தாயின் பாலையே புட்டியில் எடுத்து, ஒரு தடவை மது இல்லாமலும் ஒரு தடவை சிறிது மது சேர்த்தும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மது சேர்ந்த பாலைக் குடித்த பிள்ளைகள் அடுத்த மூன்றரை மணி நேரத்தில் குறைவாகத்தான் தூங்கின. கண் அசந்தது போலத் தெரியும், ஆனால் விட்டு விட்டு விழிக்கும். தூங்கும்போதுதான் பிள்ளையின் மூளை வளர்கிறது. காலையில் பெரட்டுக்குப் போகிற தாய்க்கும் அந்த இரவு தூக்கம் இல்லை.

வளர்ச்சி பற்றி என்ன தெரியும்?

இந்த விஷயத்தில் பயமுறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறோம்.

1989ல் அமெரிக்காவில் ரூத் லிட்டில் என்பவர் தலைமையில் சுமார் 400 பிள்ளைகளைப் பார்த்தார்கள். பால் கொடுக்கும் காலத்தில் தாய் அடிக்கடி குடித்திருந்தால், ஒரு வயதில் பிள்ளையின் கை கால் அசைவு, உட்காருதல், நடத்தல் போன்ற வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கி இருந்தது. புத்தி வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. அதே குழுவினர் 2002ல் ஒன்றரை வயதுப் பிள்ளைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில் அந்தப் பின்னடைவு தென்படவில்லை. 2018ல் ஆஸ்திரேலியாவில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. தாய் அதிகம் குடித்திருந்தால், தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் 6, 7 வயதில் யோசித்து விடை காணும் சோதனையில் சற்றுக் குறைவாக மதிப்பெண் பெற்றன. தாய்ப்பால் குடிக்காத பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே பால் வழியாகப் போன மது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

எப்போதாவது ஒரு கிளாஸ் குடித்த தாயின் பிள்ளைக்குக் கேடு வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை. அதே நேரத்தில், இந்த அளவு வரைக்கும் கேடு இல்லை என்று கோடு கிழித்துக் காட்டவும் யாராலும் முடியவில்லை. அடிக்கடி குடித்தால், அதிகம் குடித்தால், பிள்ளை மிகச் சிறியதாக இருந்தால், ஆபத்து கூடும். இதில் சந்தேகம் இல்லை.

அதிகம் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1978ல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வந்த ஒரு கதை போதும். நாலு மாதப் பெண் குழந்தை ஒன்று. முகம் உப்பிக் கொழுகொழுவென்று இருந்தது. பார்க்கிறவர்கள் நல்ல புஷ்டியான பிள்ளை என்பார்கள். ஆனால் எடை ஏறியதே தவிர, உயரம் வளரவில்லை. டாக்டர்கள் விசாரித்ததில், தாய் வாரத்துக்கு 50 டின் பியருக்குக் குறையாமல் குடித்து வந்தது தெரிந்தது. அவர் குடியை நிறுத்தினார். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. பிள்ளையின் உப்பல் வடிந்தது, வளர்ச்சி திரும்பியது.

இந்தக் கதையில் இரண்டு பாடம். ஒன்று, கொழுகொழுப்பு எல்லாம் ஆரோக்கியம் அல்ல. கிளினிக்கில் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் இரண்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, நிறுத்த வேண்டியது மதுவை. பாலை அல்ல.

கர்ப்ப காலத்துக் குடி இதைவிடப் பல மடங்கு ஆபத்து. அப்போது பால் வழியாக அல்ல, தொப்புள்கொடி வழியாக நேரே பிள்ளையின் இரத்தத்துக்கே போகிறது. இந்தக் கேட்டை 1968ல் பிரான்சிலும் 1973ல் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அதனால் மூளையில் விழும் குறை வாழ்நாள் முழுவதும் நிற்கும். கர்ப்பிணிக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

குடித்துவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பால் கொடுக்கிற காலத்தில் குடிக்காமல் இருப்பதே நல்லது. ஆனாலும் கல்யாண வீடு, பொங்கல், தீபாவளி என்று வரும். குடித்துவிட்ட தாய் பயந்து அழவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று உடனே மாரில் போடவும் வேண்டாம். கணக்குப் போடுங்கள்.

320 மில்லி பியர் டின் ஒன்றில், நூற்றுக்கு 5 பங்கு மது என்றால், 16 மில்லி மது இருக்கிறது. எடையில் சுமார் 12½ கிராம். நன்றாகப் புளித்த கள்ளில் நூற்றுக்கு 4, 5 பங்கு இருக்கும். ஆகவே ஒரு பெரிய கிளாஸ் கள்ளும் ஒரு டின் பியரும் ஏறக்குறைய ஒன்றே. "கள்ளு இயற்கைச் சரக்கு, ஒண்ணும் பண்ணாது" என்பது பொய்க் கணக்கு. நூற்றுக்கு 40 பங்கு உள்ள பிராந்தியோ சம்சுவோ 100 மில்லி குடித்தால், உள்ளே போவது 40 மில்லி மது. அது இரண்டரை டின் பியருக்குச் சமம்.

இனி நேரக் கணக்கு:

ஒரு டின் பியர் அல்லது ஒரு கிளாஸ் கள் — சுமார் 2½ மணி நேரம்.

இரண்டு — சுமார் 5 மணி நேரம்.

மூன்று — சுமார் 7½ மணி நேரம்.

குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். மெலிந்த உடம்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். உதாரணமாக, இரவு 7 மணிக்கு ஒரு டின் குடித்த தாய் 9½ மணிக்கு மேல் பால் கொடுக்கலாம், மெலிந்தவர் 10 மணிக்கு. இரண்டு டின் குடித்தவர் நள்ளிரவு 12 அல்லது 1 மணி வரை காத்திருக்க வேண்டும். பச்சைப் பிள்ளை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பசிக்கும். அந்த நேரத்தில் என்ன கொடுப்பீர்கள்? இதை யோசித்தாலே இரண்டாவது டின் கைக்கு வராது.

வாசகிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

*பாலைக் கறந்து கொட்டிவிட்டால் மது போய்விடுமா?*

போகாது. இரத்தத்தில் மது இருக்கிறவரை புதிதாக வருகிற பாலிலும் அது இருக்கும். இரத்தத்திலிருந்து இறங்கினால் பாலிலிருந்தும் தானாக இறங்கிவிடும். மார் கட்டி வலித்தால், வலி தீரக் கறந்து கொட்டலாம். ஆனால் அதனால் நேரம் குறையாது. கோப்பி குடிப்பது, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது, எலுமிச்சம்பழம் சப்புவது, இவற்றாலும் குறையாது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

*விசேஷத்துக்குப் போகிறேன், முன்கூட்டியே பால் எடுத்து வைக்கலாமா?*

தாராளமாக. குடிப்பதற்கு முன்னால் சுத்தமான பாத்திரத்தில் கறந்து குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 4 நாள் வரை கெடாது. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்து விடாதீர்கள்.

*நான் எப்போதாவது குடிக்கிறவள். பேசாமல் பால்மாவுக்கு மாறிவிடட்டுமா?*

வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டுத் தேசியத் தாய்ப்பால் கொள்கையும் 2005லிருந்து அதையே சொல்கிறது. பால்மாவுக்கு மாதா மாதம் எத்தனை வெள்ளி ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். வயிற்றுப் போக்கிலிருந்தும் சளிக் காய்ச்சலிலிருந்தும் பிள்ளையைக் காக்கிற சக்தி டின்னில் வராது. தாய்ப்பாலை விடாதீர்கள், மதுவை விடுங்கள்.

*பிள்ளைக்கு வயிறு வலி, பல் முளைக்கிறது. விரலில் தொட்டு ஈறில் தடவலாமா?*

கூடவே கூடாது. பாலில் வருவது கலந்து இளைத்து வருகிறது. விரலில் தடவுவது நேரே போகிறது. இங்கிலாந்தில் 1851ல் வந்த பழைய கிரைப் வாட்டரில்கூட நூற்றுக்கு 3.6 பங்கு மது இருந்தது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரனே எடுத்துவிட்டதை நாம் வீட்டில் ஊற்றலாமா?

*பிள்ளைபெற்ற காயத்தில் பிராந்தி சேர்க்காமல் உடம்பு தேறுமா?*

தேறும். மிளகு, பூண்டு, சீரகம், மீன், முட்டை, கீரை, நல்லெண்ணெய், இவையெல்லாம் இருக்கட்டும். பெரியவர்கள் கைப்பக்குவத்தை யாரும் குறை சொல்லவில்லை. போத்தலை மட்டும் எடுத்துவிடுங்கள். மது குடித்தால் உடம்பு சூடானது போலத் தோன்றும். ஆனால் தோலுக்கு இரத்தம் ஓடி உடம்பின் சூடு வெளியேதான் போகிறது.

அப்படியென்றால் பால் கூட என்ன வழி?

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை, இரவு உட்பட, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். காம்பு மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்திலும் பெரும்பகுதி பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். ஒரு பக்கம் மென்மையான பிறகு மறுபக்கம் மாற்றுங்கள். தாகத்துக்குத் தண்ணீர், நேரத்துக்குச் சோறு, படுக்க இடம், இந்த மூன்றும் தாய்க்கு வேண்டும். கவலையும் அலுப்பும் கூடினால் பால் இறங்கத் தடைப்படும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது பிள்ளை மூத்திரம் போனால், எடையும் ஏறினால், பால் போதவில்லை என்ற பயம் வேண்டாம். அப்படியும் சந்தேகம் என்றால் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். பிள்ளையைப் பிடிக்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த நேரம் இப்போது சட்டப்படி உங்களுக்கு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. மணமான ஆண் தொழிலாளிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 7 நாள் சம்பளத்தோடு தந்தையர் விடுமுறை உண்டு. இதை விட்டுக்கொடுக்காதீர்கள். விடுமுறை கேட்கத் தயங்கினால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இனி ஆண்களுக்கு

இதுவரை தாய்க்குச் சொன்னோம். பல வீடுகளில் தாய் குடிப்பதே இல்லை. குடிப்பது வேறு ஆள். தோழரே, உங்கள் மது பாலில் கலக்காது. ஆனால் வேறு வழியில் பிள்ளையிடம் போகிறது.

போத்தலுக்குப் போன பணம் தாயின் தட்டில் மீனாக, முட்டையாக வந்திருக்க வேண்டிய பணம். இரவு சத்தம் போட்டால் பயத்தில் தாய்க்குப் பால் இறங்காது. குடித்துவிட்டுப் பச்சைப் பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கவே கூடாது. போதையில் புரண்டு பிள்ளையை நெருக்கினால் உங்களுக்குத் தெரியாது, அது கத்தவும் முடியாது. தாய் குடித்திருந்தாலும் இதே விதிதான். அன்றைக்குப் பிள்ளை தனியாகத் தொட்டிலில், குடிக்காத ஒருவர் பார்வையில் தூங்கட்டும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத போத்தலைத் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவர்கள்.

தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர், ஆணோ பெண்ணோ, ஒரே நாளில் தானாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, மருத்துவ உதவியோடு நிறுத்துங்கள். குளுவாங்கில் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, இதுவும் சர்க்கரை, இரத்த அழுத்தம் மாதிரி வைத்தியம் பார்க்க வேண்டிய வியாதி. குடியால் வீட்டில் அடி உதை என்றால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அண்டை அயலாருக்கும் ஒரு வார்த்தை. குடித்த தாயைப் பார்த்து "நீயெல்லாம் ஒரு தாயா" என்று ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவள் மறைந்து குடிப்பாள், மிஸ்ஸியிடம் பொய் சொல்வாள். அதில் நஷ்டம் பிள்ளைக்குத்தான். அவளுக்கு ஊற்றிக் கொடுத்தது யார், எதற்காக என்று முதலில் கேளுங்கள். பல நேரம் அந்தக் கிளாஸ், பால் ஊறட்டும் என்ற நல்ல எண்ணத்தில் நம் கையாலேயே கொடுத்ததாக இருக்கும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை

1. மது பாலைக் கூட்டாது. பால் இறங்குவதைத் தடுக்கும்.

2. கள், பியர், பிராந்தி, சம்சு எல்லாம் பாலுக்குள் போகும்.

3. ஒரு டின்னுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கறந்து கொட்டுவதால் நேரம் குறையாது.

4. கர்ப்பிணிக்கு ஒரு சொட்டும் வேண்டாம். பிள்ளையின் வாயில் ஒரு துளியும் வேண்டாம்.

5. குடித்தவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது.

6. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மதுவை நிறுத்துங்கள்.

படித்து முடித்தவர்கள் இந்தத் தாளை மடித்து வைத்துவிட வேண்டாம். உங்கள் வரிசையில் பிள்ளை பெற்ற வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த தடவை போகும்போது போத்தலுக்குப் பதில் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டு போங்கள்.